511 காலி வீடுகள்

லினக்ஸ் சர்வர்களை மேய்த்துப் பிழைக்கும் யாரையாவது பிடித்து, டிரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜஸ் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அதுவா, ஆஃப் பண்ணிடுங்க" என்பார். ஏன் என்று கேட்டால், "டேட்டாபேஸ்காரங்களே சொல்லியிருக்காங்களே" என்பார். எந்த டேட்டாபேஸ், எந்த வருஷம், எந்தக் கர்னலை வைத்துச் சொன்னது என்று மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்டால் பேச்சு டீ குடிப்பதற்குத் தாவிவிடும்.

அந்த மூன்றாவது கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நினைவகத்தைப் பெரிய பக்கங்களாகத் தருவது கர்னலின் கடமை. நிரல் எழுதுகிறவர் கேட்காமலே தரவேண்டும், அவருக்குத் தொந்தரவு இல்லாமலும் தரவேண்டும். அதை ஒழுங்காகத் தரத் தெரியாத காலத்தில் பிறந்த ஓர் அறிவுரையை, காலம் மாறிய பிறகும் மந்திரம்போல ஓதிக்கொண்டிருப்பதற்குப் பெயர் சடங்கு.

கணினிக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்கள் ஓடிவிட வேண்டாம். விஷயம் முகவரி எழுதுவது போன்றதுதான்.

ஒரு நிரல் தன் கையில் வைத்திருக்கும் நினைவக முகவரி உண்மையானது அல்ல. கர்னல் அதற்குச் சொல்லி வைத்திருக்கும் ஒரு புனைவு. ஒவ்வொரு முறை அந்த முகவரியைத் தொடும்போதும் ப்ராசஸர் அதை உண்மை முகவரியாக மாற்றியாக வேண்டும். மாற்றுவதற்கான பதிவேட்டுக்குப் பக்க அட்டவணை என்று பெயர். நினைவகம் 4 கிலோபைட் பக்கங்களாக வெட்டப்பட்டிருக்கும். இன்றைய இன்டெல், ஏஎம்டி சர்வர்களில் ஒரு பக்கத்தைக் கண்டுபிடிக்கப் பொதுவாக நான்கு அடுக்கு அட்டவணைகளைப் புரட்ட வேண்டும்.

நான் இருப்பது கொல்லிமலையில். இங்கே நாடு என்றால் இந்தியா அல்ல. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று ஊராட்சிகளின் பெயரிலேயே நாடு உண்டு. ஒரு வீட்டைத் தேடுகிறவர் முதலில் மலையைப் பிடிக்க வேண்டும், பிறகு நாடு, அப்புறம் ஊர், கடைசியில் வீடு. புதிதாக வந்த தபால்காரர் ஒவ்வொரு கடிதத்துக்கும் இந்த நான்கையும் விசாரித்துத்தான் போவார். நாளாக நாளாக அடிக்கடி கடிதம் வரும் வீடுகள் மனதில் தங்கிவிடும், நேராகப் போய்விடுவார். ப்ராசஸரிலும் இப்படியொரு ஞாபகம் உண்டு. அதற்கு டிஎல்பி என்று பெயர்.

அந்த ஞாபகம் மிகச் சின்னது. 2015இல் வந்த இன்டெல் ஸ்கைலேக் ப்ராசஸரின் இரண்டாம் நிலை டிஎல்பியில் 1,536 முகவரிகள்தான் தங்கும். தலா 4 கிலோபைட் என்றால் மொத்தம் 6 மெகாபைட். உங்கள் போனில் எடுத்த ஒரு நல்ல புகைப்படத்தின் அளவு. சர்வரில் 64 ஜிபி நினைவகம் இருக்கும். அதாவது 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள், தபால்காரரின் நினைவில் இருப்பதோ 1,536. மீதிக்கெல்லாம் ஒவ்வொரு முறையும் மலையில் ஆரம்பித்து வீடுவரை விசாரிக்க வேண்டும்.

பெரிய பக்கம் என்பது இந்த விசாரணையை ஊரோடு நிறுத்திக்கொள்வது. 512 சிறிய பக்கங்களைத் தொடர்ச்சியாக ஒட்டவைத்து 2 மெகாபைட் அளவில் ஒரே பக்கமாகக் கொடுத்துவிட்டால், "இந்த ஊரே அவருடையதுதான்" என்று மூன்றாவது அடுக்கிலேயே பதில் கிடைத்துவிடும். அதே 1,536 இடங்களும் இப்போது 3 ஜிபியை நினைவில் வைத்திருக்கும். 6 மெகாபைட் எங்கே, 3 ஜிபி எங்கே!

க்ளவுடில் வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் எந்திரத்தில் நிலைமை இன்னும் மோசம். விருந்தினர் கர்னலுக்கு ஓர் அட்டவணை, அதற்கு அடியில் வீட்டுக்காரரின் அட்டவணை ஒன்று. நான்கு அடுக்கும் நான்கு அடுக்கும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டால், ஒரே ஒரு முகவரிக்காக அதிகபட்சம் 24 முறை நினைவகத்தைத் தொட வேண்டியிருக்கும். இருபுறமும் 2 மெகாபைட் பக்கம் இருந்தால் அது 15 ஆகக் குறையும். இன்று நம்மில் பெரும்பாலானோரின் நிரல்கள் ஓடுவது இப்படிப்பட்ட வாடகை எந்திரங்களில்தான்.

இன்டெல் 80386 ப்ராசஸர் 4 கிலோபைட் பக்கத்தோடு வந்தது 1985இல். அப்போது ஒரு கணினியில் சில மெகாபைட் நினைவகம் இருந்தாலே பெரிய விஷயம். நினைவகம் ஆயிரக்கணக்கான மடங்கு பெருத்துவிட்டது, பக்கம் மட்டும் அதே அளவில் நிற்கிறது. ஆப்பிள் தன் சிப்களில் 16 கிலோபைட்டுக்குப் போய்விட்டது. ஆண்ட்ராய்டு 15ஆம் பதிப்பிலிருந்து 16 கிலோபைட் பக்கத்தை ஆதரிக்கிறது.

சர்வர் உலகம் வேறு வழியில் போனது. ஆரம்பத்தில் லினக்ஸ் பெரிய பக்கங்களைத் தனியாக ஒதுக்கிவைக்கும் வசதியை மட்டும் தந்தது. எந்திரத்தின் நிர்வாகி முன்கூட்டியே கணக்குப் போட்டு ஒதுக்க வேண்டும், நிரலும் அதைத் தெரிந்துகொண்டு கேட்டு வாங்க வேண்டும். ஒதுக்கியது பயன்படாவிட்டாலும் மற்றவர்களுக்குக் கிடைக்காது. 2011 மார்ச்சில் வந்த 2.6.38 கர்னலில் ஆண்ட்ரியா ஆர்காஞ்செலியின் வேலை சேர்ந்தது. அதுதான் டிரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜஸ். யாரும் கேட்காமலே கர்னல் தானாகப் பெரிய பக்கம் கொடுக்கும். சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

எதிர்த்தரப்பை முட்டாள்களாகக் காட்டி ஜெயிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. அவர்கள் சொன்ன குறைகள் நிஜமானவை.

முதல் குறை, விரயம். சிறிய பக்கங்களைத் தேடிப் பெரிதாக ஒட்டும் வேலையைக் கர்னலுக்குள் பின்னணியில் ஒருவர் செய்கிறார். 512 இடங்களில் எத்தனை காலியாக இருந்தாலும் ஒட்டலாம் என்று அவருக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பின் இயல்பு மதிப்பு 511. ஒரே ஒரு வீட்டில் ஆள் இருந்தால் போதும், மீதி 511 காலி வீடுகளையும் சேர்த்து ஊரையே அந்தக் குடும்பத்துக்கு எழுதிவைத்துவிடுவார். நினைவகம் வீங்கும். வீங்கி வீங்கி ஒருநாள் நிரல் செத்துவிழும்.

இரண்டாவது, தாமதம். பக்கத்தைக் கொடுக்குமுன் கர்னல் அதைப் பூஜ்யங்களால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய குடித்தனக்காரரின் ரகசியம் புதியவருக்குத் தெரிந்துவிடும். 2 மெகாபைட்டைத் துடைப்பது 4 கிலோபைட்டைப் போல 512 மடங்கு வேலை. தொடர்ச்சியான இடம் கிடைக்காவிட்டால், இருப்பவர்களை நகர்த்தி இடம் பண்ணவும் வேண்டும். அதுவரை நிரல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

மூன்றாவது, ரெடிஸ் போன்றவற்றின் பிரச்சினை. அது தரவை வட்டில் சேமிக்கும்போது தன்னையே ஒரு நகல் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் ஒரு பைட் மாறினாலும் அது இருக்கும் பக்கம் முழுவதையும் பிரதி எடுக்க வேண்டும். சின்னப் பக்கமென்றால் 4 கிலோபைட் போகும், பெரிய பக்கமென்றால் 2 மெகாபைட்.

ஆக, அறிவுரை சும்மா பிறக்கவில்லை. என் கேள்வி வேறு. மேலே சொன்ன மூன்றில் எது பெரிய பக்கத்தின் குறை? எனக்குத் தெரிந்து ஒன்றுமில்லை. எப்போது கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது, எப்போது திரும்ப வாங்குவது என்று முடிவெடுக்கும் கொள்கையின் குறைகள் அவை. 511 என்ற எண்ணை ஒரு மனிதர் எழுதினார், இன்னொருவர் மாற்றலாம். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் வேறு கொள்கையை வைத்திருந்தது. ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவாரோவும் மற்றவர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது அது. இடத்தை முன்பதிவு மட்டும் செய்துவைத்து, 512 வீடுகளிலும் ஆள் குடிவந்த பிறகே ஊரை ஒட்டும். விரயமில்லை, ஆனால் பலன் கிடைக்கத் தாமதமாகும்.

இந்த இரண்டு கோடிகளுக்கும் நடுவில் என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து யோசித்தவர்கள் நமக்கு மிக அருகில் இருந்தார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆஷிஷ் பன்வாரும் கே. கோபிநாத்தும், ஐஐடி டெல்லியின் சோரவ் பன்சாலும் சேர்ந்து 2019இல் ஆஸ்ப்ளாஸ் மாநாட்டில் ஹாக்ஐ என்ற வடிவமைப்பை வெளியிட்டார்கள். மேலே சொன்ன புகார்ப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் படியுங்கள். துடைப்பதற்கு நேரமாகிறதா? ப்ராசஸர் சும்மா இருக்கும்போதே பின்னணியில் துடைத்து வைத்துக்கொள். விரயமாகிறதா? நினைவகம் நெருக்கடியாகும்போது பெரிய பக்கங்களைத் தேடிப் பார், வெறும் பூஜ்யமாகக் கிடக்கும் சின்னப் பக்கங்களைத் திரும்ப வாங்கிக்கொள். யாருக்கு முதலில் கொடுப்பது? முகவரி தேடுவதில் எந்த நிரல் அதிகம் தவிக்கிறது என்று ப்ராசஸரின் அளவுமானிகளே சொல்லும், அவர்களுக்குக் கொடு.

அதற்கு முந்தைய வருஷம் அதே மாநாட்டில் பன்வார், அரவிந்த பிரசாத், கோபிநாத் மூவரும் இன்னொரு முடிச்சை அவிழ்த்திருந்தார்கள். கர்னல் தன் சொந்த உபயோகத்துக்கு எடுக்கும் சில பக்கங்களை நகர்த்தவே முடியாது. வயலுக்கு நடுவில் நட்டுவைத்த குலதெய்வக் கல் மாதிரி. கல் ஒன்றுதான், ஆனால் அதைச் சுற்றி எவ்வளவு நிலம் சும்மா கிடந்தாலும் ஒரே பாத்தியாக்க முடியாது. இடத்தைத் திரட்டப் போகிற கர்னல் இந்தக் கல்லில் மோதி மோதி வீணாக உழைக்கிறது என்று காட்டி, கற்கள் எங்கே கலந்து கிடக்கின்றன என்று கணக்கு வைத்துக்கொண்டாலே பெருமளவு தீரும் என்றார்கள்.

இதுதான் பொறியியல். குறையைக் கண்டால் குறையின் வேரைத் தேடுவது. அதே குறையைக் கண்டு ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வதும் ஒரு வழிதான். அவசர ராத்திரிக்கு அது சரி. பத்து வருஷத்துக்குச் சரியில்லை.

கர்னலும் சும்மா இருக்கவில்லை. நிரலை நிறுத்திவைத்து இடம் திரட்டும் அந்தப் பழைய இயல்பை, 2016இல் வந்த 4.6 கர்னல் கைவிட்டது. வேண்டும் என்று கேட்கும் நிரல்களுக்கு மட்டுமே இனி அந்தக் காத்திருப்பு. அதற்கு முன்னால் எழுதப்பட்ட திகில் கதைகளில் பாதி இன்றைய கர்னலுக்குப் பொருந்தாது. 2014இல் வந்த 3.15 கர்னலிலேயே, ஒரு நிரல் தனக்கு மட்டும் பெரிய பக்கம் வேண்டாம் என்று சொல்லும் வசதி வந்துவிட்டது. ரெடிஸ் 6.2 பதிப்பில் அதற்கென்று ஓர் அமைப்பே இருக்கிறது. ஒருவருக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவர் குடிக்க வேண்டாம், ஊரில் மாட்டையே ஒழிக்கணுமா? 2024இல் வந்த 6.8 கர்னலில், 4 கிலோபைட்டுக்கும் 2 மெகாபைட்டுக்கும் இடைப்பட்ட அளவுகளிலும் பக்கம் கொடுக்க வழி செய்தார்கள். வீடா ஊரா என்ற இரண்டே தேர்வு இனி இல்லை, தெருவும் உண்டு.

எல்லாவற்றையும்விட வேடிக்கை மாங்கோடிபி. அணைத்துவிடு என்று வருஷக்கணக்கில் சொன்ன டேட்டாபேஸ்களில் முக்கியமானது அது. 2024இல் வந்த 8.0 பதிப்பில் தன் நினைவகப் பங்கீட்டு நூலகத்தை மேம்படுத்திய பிறகு, இப்போது அதன் ஆவணமே பெரிய பக்கங்களை இயக்கி வைக்கச் சொல்கிறது. வேதம் சொன்னவரே மாற்றிச் சொல்லிவிட்டார். ஓதுகிறவர்களுக்குத்தான் இன்னும் சேதி எட்டவில்லை.

ஏன் எட்டவில்லை? நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் புது சர்வர் வந்ததும் செய்யவேண்டியவை என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் இந்த வரியும் உண்டு. யார் சேர்த்தது என்று யாருக்கும் தெரியாது, சேர்த்தவர் எப்போதோ போய்விட்டார். அளந்து பார்க்கலாமே என்றேன். "அளக்கிறதுக்கு கிளையன்ட் காசு குடுப்பானா தம்பி?" என்றார் மூத்தவர். நேர்மையான பதில். பட்டியலைப் பின்பற்றினால் சம்பளம், கேள்வி கேட்டால் மாலைநேரக் கூட்டம். நான்கு வருஷம் பொறியியல் படிக்கும்போது டிஎல்பி பற்றி ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் பதில் எழுதியவர்கள்தான் அந்த அறையில் எல்லோரும். எழுதியதற்கும் ஓடும் எந்திரத்துக்கும் தொடர்பு உண்டு என்று யாரும் சொல்லித்தரவில்லை.

"கர்னல் ஏன் ஊகிக்க வேண்டும்? வேண்டியவர் கேட்டு வாங்கட்டுமே" என்று கொஞ்சம் கௌரவமான வாதம் ஒன்று உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரால் கேட்டு வாங்க முடியும்? சொந்த எந்திரம், அதற்கென்று நிபுணர், அளப்பதற்கு நேரம் மூன்றும் இருக்கிற பெரிய நிறுவனத்தால் முடியும். மாத வாடகைக்கு ஒரு சின்ன எந்திரம் எடுத்து, பைத்தானில் கணக்கு மென்பொருள் எழுதி நாமக்கல்லில் முட்டைக் கோழிப் பண்ணைகளுக்கு விற்கிற மூன்று பேர் குழுவால் முடியுமா? அவர்கள் தங்கள் மொழியின் நினைவகப் பங்கீட்டு நூலகத்தைத் தொட்டதுகூடக் கிடையாது.

காரவள்ளியிலிருந்து இந்த மலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். ஜீப் வைத்திருப்பவர் எப்போது வேண்டுமானாலும் ஏறுவார். மிளகு மூட்டையோடு நிற்கிறவருக்கு அரசுப் பேருந்துதான். பேருந்து தாமதமாக வருகிறது, சில நாள் வருவதே இல்லை, சில நாள் காலி இருக்கைகளோடு போகிறது. எல்லாம் உண்மை. அதற்காகப் பேருந்தை நிறுத்துங்கள், வேண்டியவர்கள் ஜீப் வாங்கிக்கொள்ளட்டும் என்று ஜீப் வைத்திருப்பவர் சொன்னால் அவரை என்ன சொல்வோம்? கேட்காமல் கிடைக்கும் பெரிய பக்கம் அந்தப் பேருந்து. கால அட்டவணையைத் திருத்தச் சொல்லிச் சண்டை போடுவோம்.

ஐஐடி மெட்ராஸின் சக்தி ப்ராசஸரைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம், பேசவேண்டியதுதான். அது பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பிலும் 2 மெகாபைட், 1 ஜிபி பக்கங்களுக்கு இடம் உண்டு. ஆனால் சிப் எவ்வளவு கொடுத்தாலும், அதன் மேல் உட்காரும் கர்னலை நாம் ஒரு பட்டியலைப் பார்த்து முடக்கி வைத்தால் அந்தப் பெருமைக்கு அர்த்தம் குறைவு.

என் கோரிக்கைகள் இரண்டுதான். கர்னல்காரர்களிடம்: அந்த 511ஐ இயல்பு மதிப்பாக வைத்திருப்பதை விடுங்கள். ஒட்டுகிற உரிமையை எடுத்துக்கொண்டவர், வீணானதைத் திரும்ப வாங்கும் பொறுப்பையும் எடுக்க வேண்டும். நம்மவர்களிடம்: உங்கள் பட்டியலில் அந்த வரி இருந்தால், பக்கத்தில் தேதியும் கர்னல் பதிப்பும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரம் ஒரு சோதனை எந்திரத்தை எடுங்கள். லினக்ஸோடு வரும் 'பெர்ஃப்' கருவியில் டிஎல்பி தவறுகளை எண்ணுங்கள். ஒருமுறை இயக்கி, ஒருமுறை அணைத்து, உங்கள் சொந்த நிரலை ஓட்டுங்கள். நினைவகம் எவ்வளவு வீங்கியது, தாமதம் எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது என்று குறியுங்கள். அளந்த பிறகும் அணைப்பதுதான் நல்லது என்று வந்தால் தாராளமாக அணையுங்கள், நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். அந்த வரிக்குப் பக்கத்தில் ஏன் என்று மட்டும் எழுதி வையுங்கள். அடுத்து வருகிற பையனோ பெண்ணோ அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்கும்போது, டீ குடிக்கப் போகாமல் பதில் சொல்ல அது உதவும்.