இடுப்பு நோவுக்குத் துரோகிப் பட்டமா?

தீவகத்தில் நீண்டகாலம் உழைத்த தாதி ஒருவர் "இனி வார்ட் வேலை ஏலாது" என்றால், அது சேவையைக் கைவிடுவதாம். இப்படி வாதிடுவோர் நெடுந்தீவு இறங்குதுறையில் நோயாளியைப் படகேற்றுவதைப் பார்க்கட்டும். அலைக்குப் படகு எழுந்து தாழும். எழும் நொடியில் ஸ்ட்ரெச்சரைக் கைமாற்ற வேண்டும். பிந்தினால் பாரம் முழுக்க இடுப்பில். பிறகு குறிகட்டுவான் வரை ஏறக்குறைய ஒரு மணிநேரக் கடல்.

நோயாளியைக் கையால் தூக்க 35 இறாத்தல், சுமார் 16 கிலோதான் எல்லை என்று அமெரிக்க ஆய்வாளர் தோமஸ் வாட்டர்ஸ் 2007இல் எழுதினார். மெலிந்த கிழவிகூட அதைவிடப் பாரம்.

"போனால் அனுபவமும் போய்விடும்" என்பதுதான் அவர்களின் வலுவான வாதம். ஏன் போக வேண்டும்? பொதுச் சுகாதாரத் தாதியர் பதவி நம் நாட்டிலேயே உண்டு. தொற்றுக் கட்டுப்பாடு, தாதியர் கல்லூரியில் கற்பித்தல் எனவும் வழிகள் உண்டு. நீரிழிவுக்காரரின் காற்புண் முற்றுகிறதென்று நேரத்தோடு கண்டுபிடித்தால் காலையே காப்பாற்றலாம். அதற்கு வேண்டியது பழகிய கண். அந்தக் கண்ணை இடுப்பு முறியும்வரை வார்டில் வைத்து, பிறகு வீட்டுக்கு அனுப்புவதுதான் உண்மையான இழப்பு.

அந்தத் தாதியை ஏசுவதை விடுங்கள். தீவுகளுக்கு இன்னும் தாதியரையும், தூக்க ஆட்களையும் தரும்படி சுகாதாரத் திணைக்களத்திடம் கேளுங்கள்.