முன்சக்கரம் துள்ளினா முதல்ல ஷாக்கைக் கழட்டாதீங்க

தாம்பரத்தைத் தாண்டி முடிச்சூர், மணிமங்கலம், படப்பைன்னு உள்ள போனா இன்னும் பழைய வண்டிங்கதான் பாடுபடுது. 15 வருஷம், 20 வருஷம் ஓடின ஸ்ப்ளெண்டர், அதைவிட மூத்த புல்லட். பின்னாடி பால் கேனோ, புல்லுக்கட்டோ, உர மூட்டையோ இருக்கும். இந்த வண்டிங்களுக்கு வயசானா வர்ற சீக்குல ஒண்ணு, முன்சக்கரம் துள்ளுறது. கடைக்குத் தள்ளிட்டுப் போனா பல இடத்துல வண்டியைச் சுத்திக்கூடப் பார்க்காம, "ஷாக் போச்சு, மாத்திடலாம்"னு சொல்லிடுறாங்க.

என் கருத்து இதுக்கு நேர் எதிர். ஷாக் கடைசியாப் பார்க்க வேண்டிய இடம். தரையைத் தொடுற டயர்ல ஆரம்பிச்சு, ரிம், கம்பி, பேரிங், கோன் செட்னு மேல ஏறி, அப்புறம்தான் ஷாக். காசு செலவில்லாத சோதனை முதல்ல, செலவு வைக்கிறது கடைசியில.

இது வெறும் பண விஷயம் மட்டும் இல்ல. சக்கரம் துள்ளுதுன்னா அந்த நேரம் டயருக்கும் ரோட்டுக்கும் பிடிப்பு குறையுதுன்னு அர்த்தம். பிடிப்பு இல்லாத சக்கரத்துல பிரேக்கும் நிக்காது, ஹேண்டிலும் சொன்ன பேச்சு கேட்காது. கிளாம்பாக்கத்துக்குப் போற பஸ்ஸும் லாரியும் முதுகுல மூச்சு விடுற ஜி.எஸ்.டி. ரோட்டுல இது உயிர் சம்பந்தப்பட்ட சமாச்சாரம்.

ஸ்பேனரை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: எப்ப துள்ளுது? பின்னாடி இருக்கிற சுமையை இறக்கிட்டு, நல்ல ரோட்டுல ஓட்டிப் பாருங்க. பின்பாரம் அதிகமானா முன்பக்கம் லேசாகி, நல்ல வண்டிகூட ஆட்டம் காட்டும். சுமை இல்லாமலும் துள்ளுச்சுன்னா, அது மூணு விதத்துல ஒண்ணா இருக்கும்.

சமமான ரோட்டுலயும் ஒரே தாளமாத் துள்ளி, வேகம் கூடக்கூட தாளமும் கூடினா, கோளாறு சக்கரத்துல. 18 அங்குல ரிம் போட்ட வண்டியில டயரோட சுத்தளவு ஏறக்குறைய 1.9 மீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துல அது நொடிக்கு 6 சுத்து சுத்தும். டயர்ல ஒரு இடம் புடைச்சிருந்தா நொடிக்கு 6 தடவை உதைக்கும். பள்ளத்துல இறங்கி ஏறினதும் ரெண்டு மூணு தடவை ஊஞ்சல் மாதிரி ஆடி அடங்கினா, அதுதான் ஷாக் கோளாறு. பிரேக் பிடிச்சா மட்டும் உதறினா டிரம் கோணியிருக்கும், இல்லன்னா கோன் செட் லூசா இருக்கும்.

இனி கீழே இருந்து மேல போவோம். முதல்ல காத்து. ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டிக்கு முன்னாடி 25 பவுண்டு போதும். "நல்லா டைட்டா அடிப்பா"ன்னு கல்லு மாதிரி ஏத்திட்டா ஒவ்வொரு சின்ன மேட்டுக்கும் டயர் எம்பத்தான் செய்யும்.

அடுத்து டயர். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்னாடி ஒருத்தரை அமுக்கிப் பிடிக்கச் சொல்லி முன்சக்கரத்தைத் தூக்குங்க. ரிம்முக்குப் பக்கத்துல டயரைச் சுத்தி ஒரு மெல்லிய கோடு ஓடும். அது ரிம்மை விட்டு எல்லா இடத்துலயும் ஒரே தூரத்துல இருக்கணும். ஒரு இடத்துல உள்ள போயிருந்தா டயர் சரியா உக்காரலைன்னு அர்த்தம். பங்சர் ஒட்டின மறுநாள்ல இருந்து துள்ளுற வண்டியில முதல்ல பார்க்க வேண்டியது இதைத்தான். காத்தை இறக்கி, சோப்புத் தண்ணி தடவி, திரும்ப ஏத்தினாலே சரியாகிடும். டயர் பக்கவாட்டுல நாலு எண் இருக்கும். 2218னு இருந்தா 2018-ம் வருஷம் 22-வது வாரம் செஞ்சது. பட்டன் தேயலைன்னாலும் வெடிப்பு விட்ட பழைய டயரை நம்பாதீங்க. புடைப்பு இருந்தா யோசிக்காம மாத்துங்க.

அப்புறம் ரிம். ஷாக் கால்ல ஒரு குச்சியைக் கட்டி, நுனி ரிம்மை லேசா உரசுற மாதிரி வெச்சு சக்கரத்தைச் சுத்துங்க. பக்கவாட்டுல அலையுறது ஒண்ணு, மேலயும் கீழயும் ஏறி இறங்குறது இன்னொண்ணு. துள்ளலுக்குக் காரணம் ரெண்டாவது. 2 மில்லிமீட்டருக்கு மேல போனா கோட்டம் எடுக்கணும். கம்பிகளை ஸ்பேனரால தட்டிப் பாருங்க. இறுக்கமா இருக்கிற கம்பி கணீர்னு சொல்லும், லூசானது தொம்முனு சொல்லும். மாட்டு வண்டியில ஆரக்கால் ஆடுதான்னு தட்டிப் பார்த்த அதே கைப்பழக்கம்தான்.

சக்கரத்தை ரெண்டு பக்கமும் பிடிச்சு ஆட்டினா 'லொடக்'குன்னா பேரிங். இதுல நம்ம ஊருக்குன்னு ஒரு விஷயம் இருக்கு. 2015 டிசம்பர்ல அடையாறு பொங்கி முடிச்சூரும் வரதராஜபுரமும் முழுகினப்ப, வாசல்ல நின்ன வண்டியெல்லாம் தண்ணிக்குள்ள கிடந்துச்சு. தண்ணியில நின்ன வண்டிக்கு எஞ்சினை மட்டும் பார்த்தாப் போதாது. பேரிங்ல தண்ணி புகுந்தா கிரீஸ் கெட்டு, துரு உள்ளுக்குள்ளேயே தின்னும். ஷாக்கோட கீழ்க்கால் ரெண்டையும் பிடிச்சு முன்னும் பின்னும் இழுத்தா ஆட்டம் தெரிஞ்சா கோன் செட். ஹேண்டிலை மெதுவாத் திருப்பும்போது நடுவுல ஒரு பள்ளத்துல விழுற மாதிரி இருந்தாலும் அதேதான்.

இத்தனைக்கும் அப்புறம் ஷாக். முன் பிரேக்கைப் பிடிச்சு ஹேண்டிலை அமுக்கி விடுங்க. ஒரு தடவை எழும்பி நிக்கணும். மறுபடி மறுபடி ஆடினா ஆயில் குறைஞ்சிருக்கு, இல்ல ரொம்பப் பழசாகிடுச்சு. பளபளன்னு இருக்கிற குழாய்ல ஆயில் பிசுபிசுப்பு இருந்தா சீல் போயிருக்கு. அப்பவும் புது ஆயிலும் சீலும் போட்டாலே பெரும்பாலும் போதும். ரெண்டு கால்லயும் ஒரே அளவு ஆயில் ஊத்தணும். குழாய் வளைஞ்சிருந்தாலோ தேய்ஞ்சு கோடு விழுந்திருந்தாலோதான் மாத்துற பேச்சு.

மெக்கானிக் மேல மட்டும் பழி போடுறதும் நியாயமில்ல. அரை மணி நேரம் உக்காந்து கோளாறைக் கண்டுபிடிச்சவருக்கு நாம என்ன கொடுக்கிறோம்? "ஒண்ணும் மாத்தலையே, காத்துதானே இறக்கி ஏத்தினே"ன்னு பத்து ரூபாய் நீட்டுறோம். பாகம் மாத்தினா மட்டும் பேரம் பேசியாவது கூலி தர்றோம். அப்புறம் அவர் ஏன் பாகம் மாத்தாம இருப்பார்? பார்த்துச் சொன்னதுக்கும் கூலி கொடுக்கப் பழகணும். அதே மாதிரி, எதை மாத்தினாலும் கோளாறைக் கையில தொட்டுக் காட்டச் சொல்லிக் கேட்கவும் பழகணும்.

அலாய் வீல் வந்த பிறகு கோட்டம் எடுக்கத் தெரிஞ்சவங்க நம்ம பக்கம் குறைஞ்சுட்டே வர்றாங்க. கம்பிச் சக்கரத்தை நாலு நிப்பிளைத் திருப்பியே நேராக்குற கை அது. அப்படி ஒருத்தர் உங்க ஊர்ல இன்னும் கடை வெச்சிருந்தா, அடுத்த தடவை வண்டியை அவர்கிட்ட தள்ளிட்டுப் போங்க. கேட்ட கூலியைக் குறைக்காமக் கொடுங்க.