நான்கு நாள் கூலியில் ஒரு மாத்திரைக் குப்பி

2025 ஓகஸ்டில் அட்டன் நகரப் பாமசி ஒன்றில், உயர்தரம் படிக்கும் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி கையிலிருந்த குப்பியைக் காட்டி, “அக்கா, இதக் குடிச்சா பரு போயிருமா?” என்று கேட்டாள். டிக்டொக்கில் பார்த்த புரோபயோட்டிக் மாத்திரை. விலை 5,400 ரூபாய். கொழுந்து பறிக்கும் அவளுடைய அம்மாவின் அடிப்படை நாட்சம்பளம் அப்போது 1,350 ரூபாய். நான்கு நாள் மலையேறிய கூலி அது.

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகுதான் தேடிப் படித்தேன்.

குடலில் வாழும் நன்மை தரும் பக்டீரியாவுக்கும் பருவுக்கும் தொடர்பிருக்கலாம் என்பது வெறும் விளம்பரக் கதையல்ல. 2024இல் வெளியான ஸ்பெயின் ஆய்வொன்றில் 12 முதல் 30 வயது வரையான 81 பேர் சேர்க்கப்பட்டனர். 12 வாரங்களின் பின், புரோபயோட்டிக் எடுத்தவர்களில் 50 வீதமானோருக்குப் பருவின் கடுமை குறைந்திருந்தது. மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களிலும் சுமார் 29 வீதமானோருக்குக் குறைந்திருந்தது. வித்தியாசம் உண்மை, ஆனால் ஆய்வு சிறியது. அதில் பயன்பட்டது ஒரு குறிப்பிட்ட பக்டீரியா வகையும் ஸ்பைருலினா பாசியும். அவள் கையிலிருந்த குப்பியில் இருந்தது வேறு. ஒன்றின் பலனை மற்றதன் தலையில் கட்டித்தான் விற்கிறார்கள்.

அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகத்தின் 2024 வழிகாட்டி உறுதியாகப் பரிந்துரைப்பவை பென்சோயில் பெரொக்சைட், ரெட்டினொயிட் பூச்சு, டொக்சிசைக்ளின் போன்றவை. அந்த வரிசையில் புரோபயோட்டிக் இல்லை. இவற்றையும் வைத்தியரின் ஆலோசனையோடுதான் பாவிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு எல்லாம் பொருந்தாது. பலன் தெரிய வாரக்கணக்கில் பொறுக்கவும் வேண்டும்.

அரச வைத்தியசாலையில் வைத்தியரைப் பார்க்கக் காசில்லை. ஆனால் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி, கிளினிக் வரிசையில் நின்று திரும்பினால் அம்மாவுக்கு அன்று ‘பேர்’ இல்லை. குப்பியோ கைபேசியிலேயே வந்து கதவைத் தட்டுகிறது.

அந்தப் பிள்ளை அதற்கு முன் வெள்ளையாக்கும் கிரீம் பூசிப் பார்த்திருந்தாள். அத்தகைய கிரீம்கள் சிலவற்றில் கலக்கப்படும் பாதரசம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதை ஒழிக்க இலங்கை, காபொன், ஜமைக்கா ஆகிய நாடுகளில் ஐ.நா. சுற்றாடல் திட்டம் 2023இல் 1 கோடி 40 இலட்சம் டொலர் செலவில் வேலை தொடங்கியது. பருவை நோயாகப் பார்க்காமல் நிறத்தின் குறையாகப் பார்க்கப் பழக்கியதால் வந்த வினை இது.

1977, 1983 வன்செயல்களில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டவர்கள் குடியேறிய கிளிநொச்சி, வவுனியா கிராமங்களின் கைபேசிகளுக்கும் இதே விளம்பரங்கள்தான் வருகின்றன. பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் பருவையும் கேட்டுப் பார்ப்பதும், தோல் கிளினிக்கை மாதம் ஒருமுறையாவது தோட்டத்துக்குக் கொண்டுவருவதும் பெரிய செலவல்ல.

அவளை மறுபடி கண்டால் சொல்வேன்: “இது உன் தப்பில்ல தங்கச்சி. அம்மாவோட நாலு நாள் சம்பளத்த இதுக்குக் குடுக்காத. ஒரு நாள் போனாலும் டொக்டர்கிட்ட காட்டு.” அந்த ஒரு நாளையும் அவளுடைய அம்மா இழக்காமல் இருக்கச் செய்வது அரசின் வேலை.