தெருமுனைக் கடைக்கும் ஸ்கூட்டியா? பெட்ரோல் எங்கேதான் போகுது!

சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது 2021 ஜூலையில். 'இனி யார் பாஸ் வண்டி எடுப்பா?' என்று புலம்பினோம். அப்புறமும் எடுத்துக்கிட்டுத்தான் இருக்கோம். காரைக் குறை சொல்லியும் தப்பிக்க முடியாது. நாட்டில் விற்கும் பெட்ரோலில் 60 சதவிகிதத்துக்கு மேல் குடிப்பது டூ-வீலர்கள்தான் என்று 2014-லேயே மத்திய அரசு வெளியிட்ட ஆய்வு சொல்லிவிட்டது.

ஏன் விட முடியலை? காசு மட்டும் பிரச்னை இல்லை. 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. ஆனாலும் எத்தனையோ பெண்கள் ஸ்கூட்டியில்தான் ஆபீஸ் போறாங்க. பஸ் எப்போ வரும்னு தெரியாம நிற்பதுதான் கடுப்பு. இதை அரசுதான் சரிசெய்யணும். நம்மைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

ஆனால், கொத்தமல்லி வாங்க வண்டி எடுக்கிறோமே, அது முழுக்க நம்ம வேலை! ஆறிப்போன இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் கூடுதலாகக் குடிக்கும். அது சூடேறுவதற்குள் கடை வந்துடும். மைலேஜ் படுமோசமாக இருப்பது இந்த அரை கிலோமீட்டர் பயணங்களில்தான்.

ஒரு கணக்கு. தினம் 30 கி.மீ., மாதம் 25 நாள். மொத்தம் 750 கி.மீ. மைலேஜ் 50 என்றால் 15 லிட்டர். காத்து இறங்கிய டயர், அழுக்கு ஏர் ஃபில்டர், விருட்டென்று முறுக்கிப் படக்கென்று பிரேக் அடிப்பது எல்லாம் சேர்ந்து அது 40 ஆனால் 18.75 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 375 ரூபாய் தண்டம்; ஏறக்குறைய ரெண்டு பிரியாணி. பங்க்கில் காத்து இலவசம்தானே, ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை செக் பண்ணுங்க. சிக்னல் டைமர் 30-க்கு மேல காட்டினா இன்ஜினை ஆஃப் பண்ணிடுங்க. பச்சை விழுறதுக்கு முன்னாடியே ஹாரன் அடிக்கிற பின்வண்டிக்காரரைக் கண்டுக்காதீங்க!