மடிக்காத தாள்



சென்ற மாதம் இல்லச் சந்திப்பின்போது, ஒரு வீட்டில் செபமாலை முடிந்து எழுந்ததும், எட்டாம் வகுப்பில் பயிலும் மகனுடைய கணக்கு விடைத்தாளைத் தந்தை என்னிடம் நீட்டினார். "நீங்களே பாருங்கள், சாமி. இரண்டின் அடுக்கு பூச்சியம் எவ்வளவு என்று கேட்டால், பூச்சியம் என்று எழுதியிருக்கிறான். இவனுக்குப் படிப்பு ஏறாது. இனி என்னோடு தச்சுப் பட்டறைக்கே வரட்டும்" என்றார். தச்சுத் தொழில் புனித சூசையப்பரின் தொழில், அதில் இழிவேதுமில்லை. ஆயினும் அதைத் தண்டனையாகக் கேட்ட சிறுவனின் கண்கள் கலங்கியிருந்தன.

"விடை ஒன்று என்று விதி இருக்கிறது, சாமி. மறந்துவிட்டேன்" என்றான். ஏன் ஒன்று என வினவினேன். அது அப்படித்தான் என்று சொல்லிக்கொடுத்தார்களாம்.

அவன் எழுதியது தவறுதான். ஆனால் மந்த புத்தியின் தவறன்று. இரண்டை ஒரு முறையேனும் போடாவிட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை என்று எண்ணுவது இயல்பே. காரணம் அறியாத விதி நினைவில் நில்லாததும் இயல்பே.

பழைய செய்தித்தாள் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். (இவ்விதழைக் கேட்டிருந்தால் அவ்வீட்டு அம்மாள் தந்திருக்க மாட்டார்கள்!) ஒரு முறை மடித்தால் இரண்டு தாளின் கனம், இரு முறை மடித்தால் நான்கு, மும்முறை மடித்தால் எட்டு. 2³ என்பது இதுவே: 2 × 2 × 2. மேலே நிற்கும் சிற்றெண் மடிப்புகளின் எண்ணிக்கை. மேலும் இரு முறை மடிக்கச் சொன்னேன். எட்டு, முப்பத்திரண்டாயிற்று. மூன்று மடிப்பும் இரண்டு மடிப்பும் சேர்ந்தால் ஐந்து மடிப்பு. ஆகவே 2³ × 2² = 2⁵.

இங்கேதான் பிள்ளைகள் பெரிதும் இடறுகின்றனர். பெருக்கற்குறியைக் கண்டதும் கை தானாகவே அடுக்குகளைப் பெருக்கி 2⁶ என்று எழுதிவிடுகிறது. சிலர் அடிமானங்களையும் பெருக்கி 4⁵ என்பர், அது 1024! கூட்டற்குறி வந்தாலோ இவ்விதியே செல்லாது. 2³ + 2² என்பது 8 + 4, அதாவது 12. அடுக்குகளைப் பெருக்கும் இடமும் உண்டு. மும்மடிப்பை இரு முறை செய்தால், (2³)² = 2⁶. விதிகளைப் பட்டியலாக எழுதிச் சுவரில் ஒட்டும் வழக்கத்தை நான் விரும்புவதில்லை. ஐயம் எழுந்தால் நீட்டி எழுதிப் பார்க்கட்டும். பள்ளிக்கே செல்லாத தாயும் அருகிலமர்ந்து, "எத்தனை இரண்டு இருக்கிறது, எண்ணு" எனச் சொல்லலாமே.

பின்பு மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்தோம். 32, 16, 8, 4, 2. விரிக்கும்தோறும் கனம் பாதியாகிறது. அடுக்கு ஒன்று குறைகிறது. கடைசி மடிப்பையும் விரித்தான்.

"இப்போது எத்தனை மடிப்பு?"

"ஒன்றுமில்லை, சாமி."

"எத்தனை தாள்?"

சிறுவன் சிரித்துவிட்டான்.

தாளுக்கும் ஓர் எல்லை உண்டு. அரை மடிப்பு என ஒன்று இல்லையல்லவா? ஆயினும் பின்ன அடுக்குகளின் விதிகளை 14-ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்தவர் நம் திருச்சபையின் ஆயர் ஒருவர் என்பதை அறிவீர்களா? அவர் நிக்கோல் ஒரேம்; 1377-இல் பிரான்சு நாட்டின் லிசியே நகருக்கு ஆயரானார். பிற்காலத்தில் நம் சிறுமலர் தெரேசம்மாள் வாழ்ந்த நகரும் அதுவே. எண்ணின் தோளில் சிற்றெண்ணை ஏற்றும் இன்றைய வழக்கமோ, இயேசு சபையாரின் பள்ளியில் பயின்ற டேக்கார்ட் 1637-இல் வெளியிட்ட வடிவகணித நூலால் பரவியது.

அதுவரை பேசாதிருந்த தந்தை தாளைக் கையிலெடுத்தார். "இரண்டுக்குச் சரி, சாமி. ஐந்துக்கு? ஐந்தாக எப்படி மடிப்பது?"

நான் வாய் திறக்குமுன் மகன் சுண்ணக்கட்டியால் தரையில் 125, 25, 5 என்று எழுதினான். ஒவ்வொரு முறையும் ஐந்தால் வகுத்துக்கொண்டே வந்து, அடுத்து 1 என எழுதினான்.

"அதற்கும் அடுத்து?" என்றார் தந்தை.

"ஐந்தில் ஒரு பங்கு, அப்பா."

நான் விடைபெற்றபோது இருவரும் தரையில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தனர். பட்டறைப் பேச்சு அன்று மீண்டும் எழவில்லை.