ஆச்சிக்குக் கண்ணாடி வேணாம்!

போன வாரம் கம்பளி இழையை சோப்புத் தண்ணியில நனைச்சு, தேய்ச்சு, உருட்டி ஃபெல்ட் படம் பண்ற மேட்டரைச் சொன்னேன் இல்லையா? இந்நேரம் உங்க படம் காய்ஞ்சிருக்கும். எடுத்துப் பார்த்திருப்பீங்க. ‘என்னடா இது, வாசல்ல கிடக்கிற கால்மிதி மாதிரி இருக்கு’ன்னு நொந்திருப்பீங்க. கரெக்டா?

கவலைப்படாதீங்க, எல்லாருக்கும் அப்படித்தான் வரும். ஆட்டு ரோமத்து மேல மீன் செதில் மாதிரி குட்டிக் குட்டிச் செதில்கள் இருக்கு. வெந்நீர், சோப்பு, தேய்ப்பு மூணும் சேர்ந்தா இழைகள் ஒண்ணோட ஒண்ணு கொக்கி போட்டுக்கும். அப்புறம் பிரம்மாவே வந்தாலும் பிரிக்க முடியாது. ஸ்வெட்டரை வாஷிங் மெஷின்ல போட்டு, குட்டிப் பாப்பா சட்டையா வெளியே எடுத்த அனுபவம் உங்க வீட்டிலயும் இருக்குமே... அதே விபத்தை இங்கே வேணும்னே பண்றோம். படம் மூணுல ஒரு பங்கு சுருங்கும். கோடெல்லாம் கலையும். நீங்க வெச்ச மூக்கு காணாமப் போகும்.

என் ரூம்மேட்டுக்குக் காணாமப் போனது மூக்கு இல்லை, ஆச்சி. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் தாமிரபரணிப் படித்துறை, அதுல துணி துவைக்கிற ஆச்சி. அதைத்தான் பண்ணினா. ஆச்சி இறந்து எட்டு மாசம் ஆகியிருந்துச்சு. வீட்டுல அவங்க தனியா இருக்கிற போட்டோ ஒண்ணுகூட இல்லை, எல்லாமே கல்யாண வீட்டு க்ரூப் போட்டோ. அதனால இவளுக்கு இந்தப் படம் ரொம்ப முக்கியம். காய்ஞ்சதும் பார்த்தா, ஆறு சூப்பர், படிக்கட்டு ஓ.கே., ஆச்சி மட்டும் ஒரு நீலத் தீற்றல்.

உடனே என்ன செஞ்சா தெரியுமா? ஜிகினா, மணி, கண்ணாடிச் சில்லுன்னு ஒரு பை நிறைய வாங்கிட்டு வந்துட்டா. ‘ஏன்டி, ஆச்சி துணி துவைக்கப் போனாங்களா, கச்சேரிக்குப் போனாங்களா?’ன்னு கேட்டேன். அஞ்சு நிமிஷம் முறைச்சா. அப்புறம் பையை மூடினா.

ஃபெல்ட்டை அலங்கரிக்கிறதுல நாம மாட்டிக்கிற இடம் இதுதான். படத்துல இருக்கிற குறையை மறைக்கப் போறோமா, இருக்கிறதை எடுத்துக் காட்டப் போறோமா? மறைக்கன்னு ஆரம்பிச்சா கை நிக்கவே நிக்காது. அதனால முதல் ரெண்டு நாள் ஒண்ணுமே பண்ணாதீங்க. பின்பக்கம் ஈரத்துணி போட்டு லேசா இஸ்திரி பண்ணி, சுவர்ல சாய்ச்சு வைங்க. பத்தடி தள்ளி நின்னு பாருங்க. அப்பவும் எது ‘இல்லை’ன்னு தோணுதோ, அதை மட்டும் தைங்க.

நூல் விஷயத்துல ஒரு டிப்ஸ். எம்பிராய்டரி நூல்ல ஆறு இழை இருக்கும்ல? ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு போதும். ஆறையும் சேர்த்துக் கோத்தா படத்து மேல கயிறு கட்டின மாதிரி இருக்கும். ஊசியை முழுசா மறுபக்கம் வரை குத்த வேணாம், ஃபெல்ட்டோட பாதி கனத்துலயே ஓட்டிடலாம். நூலை இழுத்தா அந்த இடம் குழியும். முகத்துல குழிஞ்சா கோரம். ஆனா தண்ணியில? அதுதான் அலை! வெள்ளை நூலை ஓட்டி, அங்கங்கே சுண்டி இழுத்தா. மேடும் பள்ளமுமா தாமிரபரணி சலசலன்னு வந்துடுச்சு. கரையோரப் பூவுக்கு ஊசியில நூலை ரெண்டு சுத்துச் சுத்திப் போடுற முடிச்சு, செடிக்கு சங்கிலித் தையல். அவ்வளவுதான்.

ஆச்சிக்கு மட்டும் நூல் சரியா வரலை. ரெண்டு தடவை பிரிச்சா. கடைசியில டிரங்குப் பெட்டியில இருந்து ஆச்சியோட பழைய நூல் சேலையை எடுத்து, கட்டைவிரல் அளவு துண்டு வெட்டி, அந்த நீலத் தீற்றல் மேல வெச்சுத் தெச்சா. அதுக்கப்புறம் அது ஆச்சிதான்!

இப்படி ஃபெல்ட் மேல தைக்கிறது ஏதோ புது ஃபேஷன்னு நினைச்சுடாதீங்க. சைபீரியாவுல அல்தாய் மலைப் பக்கம் பாஸிரிக்னு ஒரு இடம். 1949-ல் அங்கே ஐந்தாம் கல்லறை மேட்டைத் தோண்டினப்போ, பெரிய ஃபெல்ட் திரை ஒண்ணு கிடைச்சுது. வெட்டின கலர் ஃபெல்ட் துண்டுகளை மேல வெச்சுத் தெச்ச உருவங்கள்... ஒரு குதிரை வீரன், அவன் முன்னாடி சிம்மாசனத்துல ஒரு பெண் தெய்வம். ரெண்டாயிரம் வருஷத்துக்கும் மேல பழசு. உள்ளே புகுந்த தண்ணி உறைஞ்சு பனிக்கட்டியா நின்னதால மட்கலை. இப்ப செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் மியூசியத்துல இருக்கு. அவ்வளவு தூரம் வேணாமா? நம்ம காஷ்மீர் நம்தா விரிப்பு இருக்கே, அதுவும் இதே ஈர ஃபெல்ட்தான். மேல கம்பளி நூலால சங்கிலித் தையல் போடுவாங்க.

சரி, பனிக்கட்டி அல்தாய்க்கு. சென்னைக்கு? இங்கதான் நான் சொதப்பினேன்.

‘நானே ஃப்ரேம் போட்டுட்டு வரேன்’னு ஜம்பமா படத்தை எடுத்துட்டுப் போனேன். கடைக்காரர் பின்னாடி ரப்பர் கம் தடவி அட்டையில ஒட்டினார். ஓரம் கோணல்மாணலா இருக்குன்னு கத்தரியால நறுக்கினார். முன்னாடி கண்ணாடியை வெச்சு அழுத்தி ஆணி அடிச்சார். நானும் ‘பளிச்சுன்னு இருக்கு அண்ணே’ன்னு காசு கொடுத்தேன். ஐப்பசி, கார்த்திகை மழை முடிஞ்சு பார்த்தா, கண்ணாடிக்குள்ள வேர்த்திருக்கு, ஆறு முழுக்கக் கறுப்புப் புள்ளி. கழட்டினப்போ கம்பளி அட்டையோட பாதி, கண்ணாடியோட பாதின்னு பிய்ஞ்சு வந்துச்சு. ஆச்சி கண்ணாடியில ஒட்டிக்கிட்டு இருந்தாங்க. அவ அழலை, திட்டலை. மூணு வாரம் என்கூடப் பேசலை, அவ்வளவுதான்.

அந்த மூணு வாரத்துல கத்துக்கிட்டதைக் கேளுங்க. ஃபெல்ட்டை ஒட்டாதீங்க, தைங்க. அமிலம் இல்லாத மவுண்ட் போர்டு மேல பருத்தித் துணியை இழுத்துக் கட்டி, படத்தை வெச்சு, ஓரம் சுத்தி ரெண்டு அங்குலத்துக்கு ஒரு இடம்னு குத்தூசியால ஓட்டை போட்டு, கம்பளி கலர்லயே நூல் எடுத்துத் தெச்சு, பின்னால முடிச்சுப் போட்டுடுங்க. தையல் இழைக்குள்ள புதைஞ்சுடும், வெளியே தெரியாது. மேல் ஓரத்துல நெருக்கமா தைங்க, இல்லேன்னா எடை தாங்காம தொங்கிடும். கோணல் ஓரத்தை வெட்டவே வெட்டாதீங்க. சுத்தி ரெண்டு விரல் இடம் விட்டா அந்தக் கோணல்தான் அழகு. கண்ணாடி இல்லாம இருக்கிறதே நல்லது. தூசிக்குப் பயந்தா, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல அரை அங்குலமாவது இடைவெளி விட்டு ஆழமான ஃப்ரேமா போடச் சொல்லுங்க. சமையலறைச் சுவர், நேர் வெயில் ரெண்டும் வேணாம்.

பூச்சி வரும். கம்பளிப்பூச்சி இல்லீங்க, கம்பளியைத் தின்கிற அந்துப்பூச்சி. மாசம் ஒரு தடவை பின்பக்கம் திருப்பிப் பாருங்க. வந்துட்டா படத்தை பாலிதீன்ல காத்துப் போகாம சுத்தி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசர்ல ரெண்டு வாரம். ஹாஸ்டல் ஃப்ரீசர்னா மேல பேர் எழுதுங்க, யாராச்சும் பரோட்டான்னு பிரிச்சுடப் போறாங்க.

அவ ரெண்டாவது தடவை அதே படித்துறையைப் பண்ணினா. கண்ணாடியில இருந்து சேலைத் துண்டை ஊசியால மெதுவா எடுத்தது நான். அலசியும் ஒரு ஓரத்துல கறை போகலை. அப்படியே வெச்சுத் தெச்சா. கண்ணாடி போடலை. போன பொங்கலுக்கு ஊர்ல மாட்டினோம். அவங்க அம்மா கையைத் துடைச்சுக்கிட்டு வந்து, ரொம்ப நேரம் நின்னு பார்த்தாங்க.

‘எல்லாம் சரிதாம்ளா. ஆச்சி எடது பக்கத்துக் கல்லுலல்லா துவைப்பா?’