பிண்ணாக்கைக் கொட்டினால் பால் கூடுமா?

‘பால் என்பதே புரதம். பிண்ணாக்கைக் கூட்டினால் பாலும் கூடும். மக்காச்சோளமும் தவிடும் மாட்டைக் கொழுக்க வைக்கும் வீண் செலவு’ என்று சென்ற இதழில் ஒரு பண்ணை ஆலோசகர் எழுதியிருக்கிறார். கடன் வாங்கி மாடு பிடித்தவரை மேலும் கடனில் தள்ளும் யோசனை இது.

முதல் வரியே தவறு. 10 லிட்டர் பாலில் புரதம் ஏறக்குறைய 330 கிராம். லாக்டோஸோ 450 கிராமுக்கு மேல். மடியில் லாக்டோஸ் எவ்வளவு சுரக்கிறதோ, அதற்கேற்பத்தான் தண்ணீர் இறங்கிப் பால் பெருகும். அதற்கு வேண்டிய குளுக்கோஸை ஈரல் தயாரிப்பது, பெரும்பாலும் மாவுச்சத்து பெருவயிற்றில் நொதித்து உண்டாகும் புரோப்பியானிக் அமிலத்திலிருந்து. அவர் வீண் என்று தள்ளிய மக்காச்சோளத்தில் இருப்பது அந்த மாவுச்சத்துதான்.

4 கிலோ கடலைப் பிண்ணாக்கு வைக்கச் சொல்கிறாரே, அதிலுள்ள ஒன்றரை கிலோவுக்கு மேற்பட்ட புரதம் எங்கே போகிறது? பெருவயிற்று நுண்ணுயிரிகள் அதில் பெரும்பகுதியை அம்மோனியாவாக உடைக்கின்றன. அதைத் திரும்பப் புரதமாகக் கட்ட அவற்றுக்கு அதே நேரத்தில் எரிசக்தி வேண்டும். கூட இருப்பது வெறும் வைக்கோல் என்றால் அது மெதுவாகத்தான் செரிக்கும். அதற்குள் அம்மோனியா ரத்தத்தில் ஏறிவிடும். ஈரல் இருக்கிற சக்தியையும் செலவழித்து அதை யூரியாவாக்கி மூத்திரத்தில் தள்ளுகிறது. காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் கண்ணைக் கரிக்கும் நெடி, பிண்ணாக்குக் கடையில் கொடுத்த காசு.

கன்று ஈன்ற மாட்டுக்குப் பிண்ணாக்கைக் கூட்டியதும் ஒரே வாரத்தில் 2 லிட்டர் ஏறியதாம். அவர் காட்டும் சாட்சி இது ஒன்றுதான். ஏறியிருக்கும், மறுக்கவில்லை. ஈன்ற புதிதில் மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துப் பால் கொடுக்கும். புரதம் கூடினால் இன்னும் வேகமாகக் கரைக்கும். விலா எலும்பு தெரிய, கீட்டோசிஸ் கண்டு தீவனத்தில் வாய் வைக்காமல் நிற்கும் மாட்டை அவர் பார்த்ததே இல்லையா? ஊசிக்குமேல் ஊசி போட்டும் சினை நிற்காத மாட்டை? எரிசக்தி குறைந்தால் பாலில் புரதம் குறையும், எஸ்.என்.எஃப். இறங்கும், சங்கத்தில் விலையும் குறையும். ஒரு வாரக் கணக்கைச் சொன்னவர் ஓர் ஈத்துக் கணக்கை ஏன் சொல்லவில்லை?

இதற்காக மக்காச்சோளத்தைக் கொட்டச் சொல்லவில்லை. மாவு மிஞ்சினால் வயிறு புளித்து மாடு படுத்துவிடும். விசேஷ வீட்டு மிச்சச் சோற்றைத் தின்று செத்த மாடுகள் நம் ஊர்களில் கொஞ்சமா? அடர்தீவனத்தில் தானியம் மூன்றில் ஒரு பங்கு, பிண்ணாக்கும் ஏறக்குறைய அவ்வளவே, மீதி தவிடும் தாது உப்பும். இந்தக் கலவையில் உடம்புக்கு ஒன்றரை கிலோ, அதற்குமேல் கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் 1 கிலோ. கூடவே கம்பு நேப்பியர் புல். வேலிமசால் வளர்ப்பவர் பிண்ணாக்கை இன்னும் குறைக்கலாம். பசுந்தீவனத்தைப் பற்றி அவர் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.